‘அண்ணாச்சி, அந்த சின்ன சென்ட் என்ன விலை?’ - பாக்கெட் பெர்ஃப்யூம் வாங்குமுன் இதைக் கவனிங்க!

காலை எட்டரை மணிக்கு பாளையங்கோட்டையில் நடக்க இடம் கிடைக்காது. சேவியர்ஸ், ஜான்ஸ், சாராள் தக்கர், மெடிக்கல் காலேஜ், சித்தா காலேஜ் என்று ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று சும்மாவா சொல்கிறார்கள்!

அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கடைகளில் ஒரு நிமிஷம் நிற்கிறவர்கள் உண்டு. பேனா, பிஸ்கட், தண்ணீர் பாட்டில்... கூடவே, ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் அட்டையில் செருகியிருக்கும் விரல் நீள ஸ்பிரே. “அண்ணாச்சி, அந்த சின்ன சென்ட் என்ன விலை?” என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படும் ஒரே கேள்வி. விலை சரியென்றால் வாங்கி, பையில் போட்டு, பஸ் ஏறிவிடுவார்கள்.

விலையைத் தாண்டி இன்னும் மூன்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பெரிய பாட்டிலில் கட்டாயமாக இருக்க வேண்டிய ஒரு முக்கியமான தகவல், இந்தச் சின்ன பாட்டிலில் இல்லாமல் போகலாம். அதற்குச் சட்டமே இடம் தருகிறது. அது என்ன என்று பார்க்கும் முன், இந்தக் குட்டி பாட்டில் நம் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்த்துவிடலாம்.

ஜவ்வாது முதல் பாக்கெட் ஸ்பிரே வரை

‘பாக்கெட் பெர்ஃப்யூம்’ என்ற பெயர்தான் புதுசு. பழக்கம் பழசு. தாத்தாக்கள் சட்டைப் பையில் வைத்திருந்த ஜவ்வாது டப்பா என்னவாம்? கட்டைவிரல் அளவு குப்பி. ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டையில் தடவினால் கல்யாண வீட்டில் சாயங்காலம் வரை மணக்கும். இன்றைக்கும் பூஜைச் சாமான் கடைகளில் அது கிடைக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மேலப்பாளையத்தில் அத்தருக்குத் தனி மரியாதை. அத்தர் எப்போதுமே சின்னக் குப்பிதான். 3, 6, 12 மி.லி. என்ற அளவுகள் கால் தோலா, அரை தோலா, ஒரு தோலா என்ற பழைய எடைக் கணக்கிலிருந்து வந்தவை. ஒரு தோலா என்பது சுமார் 11.66 கிராம். இதில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெய்தான் அடிப்படை. பெருநாள் தொழுகைக்குப் போகும்போது பஞ்சில் தொட்டுக் காது மடலில் வைத்துக்கொள்வது அந்தக் காலத்து ‘டிராவல் சைஸ்’.

‘சின்ன அளவில் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள்’ என்பதைப் பெரிய வியாபாரமாக மாற்றிக் காட்டியதும் ஒரு தமிழர்தான். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சின்னச் சின்ன சாஷேக்களில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். ‘ஸ்பின்ஸ்’ வாசனைப் பொருள்களும் இவர்களுடையவைதான். பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் கடலூரின் கை இருக்கிறது.

அடுத்த திருப்பம் 2011-ல். அகமதாபாத்தைச் சேர்ந்த வினி காஸ்மெட்டிக்ஸ் ‘ஃபாக்’ என்ற ஸ்பிரேயை இறக்கியது. ‘இதில் கேஸ் இல்லை, 800 ஸ்பிரே வரும்’ என்பதுதான் விளம்பரம். அதுவரை விளம்பரங்களில் பார்த்த ஹீரோவை மறந்து, ‘எத்தனை தடவை அடிக்கலாம்’ என்று மக்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 2013-ல் ‘என்கேஜ்’ பிராண்டைத் தொடங்கிய ஐ.டி.சி, பிறகு ‘என்கேஜ் ஆன்’ என்ற தட்டையான பாக்கெட் பெர்ஃப்யூமைக் கொண்டு வந்தது. பேன்ட் பாக்கெட்டில் துருத்தாத வடிவம், சூப்பர் மார்க்கெட் போகாமலே அண்ணாச்சி கடையில் கிடைக்கும் விலை. மற்ற கம்பெனிகளும் வரிசையாக இறங்கின.

70 ரூபாய்க்கு வாங்குவது நஷ்டமா?

‘சின்னதா வாங்குறது வேஸ்ட். பெருசா ஒண்ணு வாங்கிட்டா லாபம்’ என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்வது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு, 18 மி.லி. பாட்டில் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.லி.க்கு சுமார் 3 ரூபாய் 90 காசு. 100 மி.லி. பாட்டில் 300 ரூபாய் என்றால், ஒரு மி.லி.க்கு 3 ரூபாய். ஆக, சின்னதில் ஒரு மி.லி.க்கு 90 காசு கூடுதலாகக் கொடுக்கிறோம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒரு அழுத்தலுக்குத் தோராயமாக 0.1 மி.லி. செலவாகும் என்று கொண்டால் 18 மி.லி.யில் 180 அழுத்தல். தினமும் மூன்று என்றால் 60 நாள். ஒரு நாளைக்கு 1 ரூபாய் 17 காசு. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையனுக்கும், மாதச் சம்பளத்தில் பஸ் பாஸுக்கு முதலில் எடுத்து வைக்கும் பெண்ணுக்கும், 300 ரூபாயை மொத்தமாக எடுப்பது வேறு, 70 ரூபாயை எடுப்பது வேறு. அது மட்டுமல்ல, வாசனை பிடிக்கவில்லை என்றால் போவது 70 ரூபாய்தான்.

கல்லூரிகள் நிறைந்த ஊரில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சித்திரை வெயிலில் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார வேண்டும். சட்டையில் வியர்வை வாடை அடிக்கிறதோ என்ற நினைப்பிலேயே பாதி பதில் மறந்துபோகும். அந்தக் கூச்சத்தைப் போக்குவதால்தான் இந்த பாட்டில் விற்கிறது. இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

அதனால், சின்ன பாட்டில் வாங்கலாம். ஆனால், பார்த்து வாங்க வேண்டும். ஒரு மி.லி. கணக்கை நீங்களே போடத் தேவையில்லை. பொட்டலப் பொருள்கள் விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எம்.ஆர்.பி-யோடு ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்று ஒரு மி.லி.யின் விலையையும் அச்சிட வேண்டும். இரண்டு பாட்டிலைக் கையில் எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டாலே எது லாபம் என்று தெரிந்துவிடும்.

கடைக்காரரின் கணக்கு

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாம்பு சரம் தினமும் நகரும் சரக்கு. சென்ட் அப்படியில்லை. கல்லூரி திறக்கும் நேரம், தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று சீசனுக்கு ஓடும்; நடுவில் தூங்கும். ஆனால், விற்றால் பிஸ்கட் பாக்கெட்டைவிடக் கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், இடமும் அடைக்காது. அதனால்தான் பலசரக்குக் கடையிலும், வளையல் விற்கும் ஃபேன்சி ஸ்டோரிலும், செல்போன் ரீசார்ஜ் கடையிலும்கூட ஒரு அட்டை தொங்குகிறது.

சிக்கல் அந்த அட்டை தொங்கும் இடத்தில்தான். வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும் என்று கடை முகப்பில் மாட்டுகிறார்கள். நம் ஊர் வெயில் மதியத்துக்கு மேல் நேராக அதன்மேல் விழுகிறது. வாசனைத் திரவியத்துக்கு மூன்று எதிரிகள்: வெயில், சூடு, காற்று. வெயிலில் நாள்கணக்கில் கிடந்த பெர்ஃப்யூம் நிறம் மாறும். முதலில் வரும் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரியான மெல்லிய வாசனை போய்விடும். மிச்சம் இருப்பது புளித்த வாடையும் ஸ்பிரிட் நெடியும்தான். கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருந்தாலும், எக்ஸ்பயரி தேதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் இது நடக்கும்.

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முகப்பில் காலி அட்டையையோ ஒரே ஒரு பாட்டிலையோ மட்டும் மாட்டுங்கள். சரக்கை உள்ளே, நிழலான டிராயரில் வையுங்கள். பழைய சரக்கை முன்னாலும் புதுச் சரக்கைப் பின்னாலும் அடுக்குங்கள். தேதி நெருங்கும் சரக்கை ஏஜென்சி திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று வாங்கும்போதே பேசிவிடுங்கள். மண்ணெண்ணெய், கொசுவத்தி, அந்துருண்டை பக்கத்தில் சென்ட் வேண்டாம். அட்டையிலேயே அந்த வாடை ஏறிவிடும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: “முன்னாடி தொங்குறது வேண்டாம் அண்ணாச்சி, உள்ள இருந்து ஒண்ணு எடுங்க” என்று கேட்பதில் தப்பே இல்லை.

லேபிளில் இல்லாமல் போகும் அந்த ஒரு தகவல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெர்ஃப்யூம் என்பது சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020-ம் வருட அழகுசாதன விதிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. தயாரித்தவர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற உட்பொருள் பட்டியலும் இருக்க வேண்டும்.

ஆனால், உட்பொருள் பட்டியலுக்கு ஒரு விதிவிலக்கு. 60 மி.லி.க்குக் குறைவான திரவப் பொருள் என்றால் அந்தப் பட்டியல் கட்டாயமில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் 10, 15, 18 மி.லி. பாட்டில்கள் எல்லாமே இந்த விதிவிலக்குக்குள் வந்துவிடுகின்றன. குட்டி பாட்டிலில் எழுத இடம் இல்லை என்பது நியாயம்தான். சில கம்பெனிகள் கட்டாயம் இல்லாவிட்டாலும் அச்சிடுகின்றன. அச்சிடாதவர்களைச் சட்டம் கேள்வி கேட்காது.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் பிரச்னை இல்லை. வாசனைப் பொருள் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். லினலூல், லிமோனீன், ஜெரானியால் போன்ற வாசனை மூலக்கூறுகள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஐரோப்பிய யூனியனில் இப்படிப்பட்ட 26 பொருள்களின் பெயரைத் தனியாக லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று விதி இருந்தது. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். இங்கேயோ, முதல்முறையாக சென்ட் வாங்கும் 17 வயதுப் பிள்ளை, அதிகம் வாங்கும் அளவிலேயே அந்தத் தகவல் கிடைக்காமல் போகலாம்.

கம்பெனிகள் நினைத்தால் இதைச் சுலபமாகச் சரிசெய்யலாம். அட்டையின் பின்பக்கம் ஒரு க்யூஆர் கோடு போதும். அதுவரை நாம் செய்யக்கூடியது: பட்டியல் அச்சிட்ட பிராண்டைத் தேர்ந்தெடுப்பது. அல்லது அதே வாசனையின் பெரிய பாட்டிலில் உள்ள பட்டியலைப் படித்துப் பார்ப்பது.

டெஸ்டர் இல்லாத கடையில் தேர்வு செய்வது எப்படி?

மாலில் காகிதத் துண்டில் அடித்துக் கொடுப்பார்கள். பெட்டிக்கடையில் அதெல்லாம் நடக்காது. சீலை உடைத்தால் அந்த பாட்டிலை அடுத்தவருக்கு விற்க முடியாது. அதனால் சில வழிகள்:

* நண்பர் பயன்படுத்தும் பாட்டிலில் ஒரு முறை உங்கள் மணிக்கட்டில் அடித்துப் பாருங்கள். அடித்த உடனே முடிவு செய்யாதீர்கள். முதல் நிமிஷத்தில் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் ஆல்கஹால். அரை மணி நேரம் கழித்து வருவதுதான் நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போகும் வாசனை. ஒருவர் தோலில் நன்றாக இருப்பது இன்னொருவர் தோலில் வேறு மாதிரி மாறும்.

* ‘டியோ’, ‘பாடி மிஸ்ட்’, ‘பெர்ஃப்யூம்’ மூன்றும் ஒன்றல்ல. தோராயமாகச் சொன்னால், ‘ஓ டி பர்ஃபாம்’ என்று போட்டிருந்தால் வாசனைச் சாறு 15 முதல் 20 சதவிகிதம், ‘ஓ டி டாய்லெட்’ என்றால் 5 முதல் 15, பாடி மிஸ்ட் என்றால் அதைவிடக் குறைவு. சாறு கூடினால் நேரம் கூடும். இரண்டு அழுத்தலே போதும்.

* வியர்வையை நிறுத்துவது ‘ஆன்டி-பெர்ஸ்பிரன்ட்’ என்ற வேறு பொருள். பெர்ஃப்யூம் வியர்வையை நிறுத்தாது. வியர்வைக்கு என்று தனியாக நாற்றம் பெரிதாகக் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. குளிக்காமல், நேற்றைய சட்டையில் சென்ட் அடித்தால் இரண்டு வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும். பக்கத்து சீட்காரர் பாவம்!

* வெயில் காலத்துக்கு எலுமிச்சை, புதினா, மெல்லிய பூ வாசனைகள் பொருந்தும். ஊது, கஸ்தூரி, வெனிலா மாதிரி அடர்த்தியானவற்றை மழைக்காலத்துக்கும் சாயங்கால விசேஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சூட்டில் இவை தலைவலியைக் கிளப்பும்.

* வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் பறந்துவிடும். முதலில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவிவிட்டு அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

* பட்டுப் புடவை, வெள்ளை யூனிஃபார்ம், முத்து, கவரிங் நகை மேல் நேராக அடிக்க வேண்டாம். கறை விழும், பளபளப்பு போகும்.

தலையில் மல்லிகைச் சரம் வைத்த நாளில் சென்ட் தேவையே இல்லை. நம் தமிழ்நாட்டு மல்லிகையின் சாறு வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிறது. ஒரிஜினலே தலையில் இருக்கும்போது எதற்குப் போட்டி?

போலியைப் பிடிப்பது எப்படி?

நெல்லைப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதனால் ‘ஃபாரின் சென்ட்’ மேல் ஒரு தனி மயக்கம் உண்டு. அந்த மயக்கத்தில்தான் போலிகளும் விற்கின்றன. முறையாக இறக்குமதியான பொருள் என்றால், இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் லேபிளில் இருக்கும். வெறும் அரபு எழுத்தும் பளபளப் பெட்டியும் மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

உள்ளூர் பிராண்டில் பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருக்கும். மூடி ஆடுகிறதா, ஸ்பிரே வாய் பிசுபிசுக்கிறதா, தேதி அழித்து எழுதியதுபோல் இருக்கிறதா, உள்ளே மிதக்கும் துகள் தெரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வீட்டில் காலியான பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல், லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுவது நல்லது. அதில் வேறு எதையாவது நிரப்பி விற்க முடியாது.

விலை விஷயத்திலும் தெளிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், டால்கம் பவுடர் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பெர்ஃப்யூம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே, ‘பவுடர் விலை குறைஞ்சிருக்கே, சென்ட் ஏன் குறையல?’ என்று அண்ணாச்சியிடம் சண்டை போட வேண்டாம். அதேநேரம், எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் யாராவது கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பயணத்தில்... வீட்டில்...

‘டிராவல் சைஸ்’ உலகம் முழுக்க இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் விமான நிலையக் கெடுபிடி. 2006-ல் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு, சர்வதேச விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்கு மிகாத பாட்டிலில் இருக்க வேண்டும் என்ற விதி பரவலாக வந்தது. வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் சின்ன பாட்டிலைக் கைப்பையிலும் பெரியதைப் பெட்டியிலும் வைத்துக்கொள்வது நல்லது. 100 என்பது பாட்டிலின் அளவு. 150 மி.லி. பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

விமானத்தைவிட நமக்குப் பெரிய ஆபத்து ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது. கேஸ் நிரப்பிய குட்டி டியோ கேன்களில் ‘50 டிகிரிக்கு மேல் சூடாகவிடாதீர்கள்’ என்று போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் அந்தச் சூடு சாதாரணம். கேன் வெடிக்கலாம். பம்ப் ஸ்பிரேயிலும் இருப்பது எரியும் ஆல்கஹால்தான். அதனால் அடுப்படியிலும் பூஜை விளக்குப் பக்கத்திலும் எந்த ஸ்பிரேயும் வேண்டாம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. பளபளப்பாக, பொம்மை மாதிரி, கைக்கு அடக்கமாக இருப்பதால் வாயில் வைத்துவிடும். பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால். கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

புது வாசனையை முதல்முறை பயன்படுத்தும் முன், முழங்கையின் உட்புறம் ஒரு அழுத்தல் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கானது இல்லை. ஷேவ் செய்த உடனே, புண் இருக்கும் இடத்தில், முகத்தில் அடிக்க வேண்டாம். ஆஸ்துமா, வீஸிங் இருப்பவர்கள் பக்கத்தில், ஆஸ்பத்திரி வார்டில், பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போகும் வீட்டில் சென்ட் இல்லாமல் போவதுதான் மரியாதை. கூட்டமான பஸ்ஸுக்குள் ஸ்பிரே அடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு நிமிஷம்...

1. எம்.ஆர்.பி., ஒரு மி.லி. விலை இரண்டும் இருக்கிறதா?
2. எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி தெளிவாக இருக்கிறதா?
3. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இருக்கிறதா?
4. வெயிலில் தொங்கிய பாட்டிலா, உள்ளே இருந்து எடுத்ததா?
5. உட்பொருள் பட்டியல் இருக்கும் பிராண்டு கிடைக்குமா?

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். 18 மி.லி. பாட்டிலும் அப்படித்தான். சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மாசத்துக்குத் துணை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் 70 ரூபாயும் போய் தோலும் அரிக்கும். அடுத்தமுறை அண்ணாச்சி கடையில் விலை கேட்கும்போது, பாட்டிலைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தையும் படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லையா? போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். கையில்தானே இருக்கிறது!